ஸ்கூட்டர் செல்ஃப் எடுக்கவில்லையா? புது பேட்டரி வாங்கும் முன் மூன்று அளவு பாருங்கள்

பெங்களூரில் வேலை கிடைத்து வந்தவர்களில் பாதிப் பேர் ஊரிலிருந்து வண்டியை ரயிலில் போட்டுக் கொண்டுவருவார்கள். மீதிப் பேர் இங்கேயே ஒரு பழைய ஸ்கூட்டரைப் பார்த்து வாங்கிக்கொள்வார்கள். யாராக இருந்தாலும் ஒரு நாள் காலையில் இது நடக்கும். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது, சாவியைத் திருப்பி, பிரேக்கைப் பிடித்து செல்ஃபை அழுத்தினால் "டக் டக் டக்" என்று சத்தம் மட்டும் வருகிறது. தெருமுனைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால், வண்டியைத் தொடாமலே பதில் வரும்: "பேட்டரி போச்சு, மாத்திடலாம்."

எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஈஜிபுராவில் குடியிருந்தபோது ஒரு கடையில் புது பேட்டரி போட்டேன். நான்கு மாதத்தில் அதுவும் படுத்தது. அதே கடையில் இன்னொன்று போட்டார்கள். அதுவும் இறங்கிய பிறகு நண்பர் ஒருவர் அல்சூரில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் அழைத்துப்போனார். அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. பேட்டரி மூடியைத் திறந்து மீட்டரை வைத்தார். 12.1 காட்டியது. கிக்கரை உதைத்து எஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். ஏறவேண்டிய எண் 11.9க்கு இறங்கியது. "தம்பி, பேட்டரிமேல ஒரு குத்தமும் இல்ல. அதுக்குச் சோறு போகல" என்றார். முன்பக்க மூடியைக் கழற்றியபோது, மூன்று மஞ்சள் ஒயர்கள் சேரும் கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி) உருகிப் பழுப்பேறி, வெயிலில் வைத்த மிட்டாய்போல ஒட்டிக் கிடந்தது. அந்தக் கப்ளரை மட்டும் மாற்றினார். அதன் பிறகு மூன்று வருடம் பேட்டரிப் பக்கமே நான் போகவில்லை.

இரண்டு பேட்டரிக்குக் கொடுத்த பணம் வீண். அந்தப் பணம் உங்களுக்கும் போகக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பேட்டரி செத்துப்போவது பல நேரம் ஒரு விளைவுதான். காரணம் வண்டியில் வேறெங்கோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. ஒரு மல்டிமீட்டரும் அரைமணி நேரமும் போதும்.

வேண்டிய பொருட்கள்

பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதுவே தாராளம். கூடவே ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், 10 நம்பர் ஸ்பேனர், பழைய டூத்பிரஷ், கொஞ்சம் வாசலின்.

மீட்டரில் கருப்பு ஒயரைக் 'காம்' என்று எழுதிய துளையிலும், சிவப்பு ஒயரை வோல்ட் குறி போட்ட துளையிலும் செருகுங்கள். நடுவில் உள்ள திருகியை டி.சி. வோல்ட் பக்கம் 20க்குத் திருப்புங்கள். நேர்கோடும் அதன் கீழே புள்ளிக்கோடும் போட்டிருப்பது டி.சி., அலைபோல நெளிந்த கோடு ஏ.சி. இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

மீட்டரை எடுக்கும் முன் காது கொடுங்கள்

வண்டியே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். சாவி போட்டால் மீட்டர் போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை, ஹாரனும் இல்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அப்புறம் பேட்டரி டெர்மினல் போல்ட்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அங்கேயே விடை கிடைத்தது. சர்வீஸில் கழற்றிவிட்டு அரைகுறையாக முடுக்கியிருப்பார்கள்.

விளக்கு எரிகிறது, செல்ஃபை அழுத்தினால் தொடர்ந்து "டக் டக் டக்", விளக்கும் மங்குகிறது. பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் பூஞ்சைபோல வெள்ளை, பச்சைப் பொடி படிந்திருக்கிறது. ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டு, விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை என்றால் சந்தேகம் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேமீதும் அந்த மோட்டாரின் கார்பன் பிரஷ்மீதும் போக வேண்டும். சத்தமே இல்லை, ஆனால் ஹாரன் கணீரென்று அடிக்கிறது என்றால் பிரேக்கைப் பிடித்துப் பின்விளக்கைப் பாருங்கள். பல்பு நன்றாக இருந்தும் பிரேக் விளக்கு எரியாவிட்டால் பிரேக் ஸ்விட்ச் வேலை செய்யவில்லை என்று பொருள். ஸ்கூட்டரில் அந்த ஸ்விட்ச் ஒத்துழைத்தால்தான் செல்ஃப் எடுக்கும். இதற்குப் பெரிய செலவு ஆகாது. இதற்கும் பேட்டரி மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

செல்ஃப் விறுவிறுவென்று சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். அது பெட்ரோல் அல்லது பிளக் சமாச்சாரம்.

இன்னொன்று. பழைய கார்புரேட்டர் ஸ்கூட்டர்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு, எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்து நேராகக் கரண்ட் போகும். அதனால் ஹெட்லைட் நன்றாக எரிவதை வைத்துப் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். ஹாரனும் இண்டிகேட்டரும்தான் அந்த வண்டிகளில் பேட்டரியின் நாடி.

முதல் அளவு: வண்டி சும்மா நிற்கும்போது

காலையில், வண்டியை எடுக்கும் முன் பாருங்கள். ஓட்டிவிட்டு வந்த உடனே பார்த்தால் எண் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அதை நம்ப முடியாது. சிவப்பு முனையைக் கூட்டல் குறி டெர்மினலிலும் கருப்பு முனையைக் கழித்தல் குறியிலும் வையுங்கள். போல்ட்டின் மேல் வைக்காமல் ஈயத்தின் மேலேயே வைத்தால் சரியான அளவு கிடைக்கும்.

12.6லிருந்து 12.8 வரை இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி, 12க்கு வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். அதற்கும் கீழே என்றால் காலி. நம் கண்ணுக்கு 12.6க்கும் 12.0க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் நிறைந்த பேட்டரிக்கும் கிட்டத்தட்டத் தீர்ந்த பேட்டரிக்கும் இடையே இருப்பது அந்த 0.6 வோல்ட்தான். புதிதாகப் பார்ப்பவர்கள் "பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, பன்னிரண்டு காட்டுது, சரியாத்தானே இருக்கு" என்று ஏமாறுவது இங்கேதான்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால் மறக்காது. பேட்டரிக்குள்ளே ஆறு செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் நிறைந்த நிலையில் சுமார் 2.1 வோல்ட். ஆறும் சேர்ந்தால் 12.6. ஒரு செல் முழுதாகச் செத்தால் மிச்சம் ஐந்துக்கு 10.5. அதனால் இரவெல்லாம் சார்ஜ் போட்டும் காலையில் 10.5 பக்கமே நின்றால் ஒரு செல் போய்விட்டது என்று கொள்ளலாம். அந்தப் பேட்டரியை யாராலும் எழுப்ப முடியாது. இந்த இடத்தில் புதுசு வாங்குவது நியாயமான செலவு.

இரண்டாம் அளவு: செல்ஃப் அழுத்தும்போது

மீட்டர் முனைகளை அப்படியே வைத்துக்கொண்டு, வேறொருவரைப் பிரேக் பிடித்து செல்ஃபை அழுத்தச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று விநாடி அழுத்தட்டும். மலிவான மீட்டர் கொஞ்சம் மெதுவாகத்தான் எண்ணை மாற்றும். அந்த நேரத்தில் எவ்வளவு கீழே போகிறது என்று பாருங்கள்.

10 வோல்ட்டுக்கு மேலே நின்றால் நல்ல பேட்டரி. 9.5 பக்கம் வந்தால் வயதாகிவிட்டது, இன்னும் சில மாதம் ஓட்டலாம். நிறைய சார்ஜ் இருந்தும் 9க்குக் கீழே சரிந்தால் அதன் காலம் முடிந்தது. அங்கே வோல்ட் இருக்கிறது, சக்தி இல்லை. உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகியிருக்கும்.

நேர் எதிராகவும் நடக்கும். அழுத்தும்போது எண் 12.6லேயே அசையாமல் நிற்கிறது, மோட்டாரும் சுற்றவில்லை. அப்படியானால் பேட்டரியிலிருந்து கரண்ட் கிளம்பவே இல்லை. ரிலே, கார்பன் பிரஷ், பேட்டரியிலிருந்து போகும் தடித்த ஒயர் இவற்றில் ஒன்றில்தான் கோளாறு.

மூன்றாம் அளவு: எஞ்சின் ஓடும்போது

எல்லோரும் விட்டுவிடும் அளவு இதுதான். என் இரண்டு பேட்டரிப் பணத்தைத் தின்றதும் இதைப் பார்க்காமல் விட்டதுதான்.

வண்டியை நடு ஸ்டாண்டில் போடுங்கள். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பின்சக்கரம் சுற்றும் என்பதால் சக்கரம் தரையைத் தொடக்கூடாது, பக்கத்தில் குழந்தைகள் இருக்கக்கூடாது. அபார்ட்மெண்ட் அடித்தள பார்க்கிங்கில் இதைச் செய்ய வேண்டாம். அந்தப் புகை உயிரை எடுக்கும். வெளியே வெட்டவெளிக்குக் கொண்டுவாருங்கள். பேட்டரி முழுக்கக் காலியாக இருந்தால் அளவு தாழ்ந்து காட்டும். அதனால் முதலில் சார்ஜ் போட்டுவிட்டுப் பார்ப்பது நல்லது.

எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டிருக்கும்போது 13ஐ ஒட்டி ஏதாவது காட்டலாம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மெல்ல முறுக்குங்கள். பாதி முறுக்குக்குள் 13.5லிருந்து 14.5 வரை ஏறி, அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் அங்கேயே நிற்க வேண்டும். அப்படி நின்றால் சார்ஜிங் அமைப்பு ஆரோக்கியம்.

முறுக்க முறுக்க எண் ஏறவே இல்லை, முதல் அளவிலேயே கிடக்கிறது அல்லது அதற்கும் கீழே போகிறது என்றால் சார்ஜ் போகவில்லை. 15ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், வோல்ட்டை அளவாக வைக்கும் ரெகுலேட்டர் பழுது. இதுவும் பேட்டரியைக் கொல்லும், பட்டினி போட்டு அல்ல, அளவுக்கு மீறி ஊட்டி. பேட்டரியின் பக்கங்கள் வீங்கியிருப்பதும் பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் ஆவதும் இதன் அடையாளம்.

ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய பழக்கம் சில கடைகளில் இன்னும் இருக்கிறது. "கழற்றியும் ஓடுது பாருங்க, சார்ஜிங் நல்லாருக்கு" என்பார்கள். கார்புரேட்டர் இல்லாத இஞ்செக்ஷன் வண்டியில் அதைச் செய்ய விடாதீர்கள். வோல்ட்டேஜ் தாறுமாறாக எகிறி கண்ட்ரோல் யூனிட்டே போய்விடலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி கட்டாயமான பிறகு வந்த ஸ்கூட்டர்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜ் போகவில்லை என்றால்

எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் காந்தச் சக்கரத்துக்குள்ளே காயில் இருக்கிறது. அதில் பிறக்கும் ஏ.சி. கரண்ட், கப்ளர் வழியாக ரெகுலேட்டர் ரெக்டிஃபையருக்கு வந்து, அங்கே டி.சி.யாக மாறி, அளவாக்கப்பட்டு, ஃபியூஸ் வழியாகப் பேட்டரிக்குப் போகிறது. இந்தப் பாதையில் எங்கே அறுந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. விலை குறைந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்: ஃபியூஸ், அப்புறம் கப்ளர்கள். பெங்களூர் மழையில் சுரங்கப்பாதைத் தண்ணீருக்குள் வண்டியை இறக்கியிருந்தாலும், வாட்டர் வாஷில் முகப்பு மூடிக்குள் தண்ணீரைப் பீய்ச்சி அடித்திருந்தாலும், கப்ளருக்குள் ஈரம் நின்று பின்கள் துருப்பிடிக்கும். துருப்பிடித்த இடம் சூடேறும், சூடேறிய இடம் உருகும். என் வண்டியில் நடந்தது அதுதான். பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கிறதா, கருகிய வாசம் வருகிறதா என்று பாருங்கள்.

கப்ளர் நன்றாக இருந்தால் அடுத்தது காயில். ரெகுலேட்டருக்குப் போகும் காயில் கப்ளரை எஞ்சின் அணைந்திருக்கும்போது கழற்றுங்கள். மீட்டரை ஏ.சி. 200க்கு மாற்றி, எஞ்சினை ஓடவிட்டு, மூன்று மஞ்சள் ஒயர் உள்ள வண்டியில் இரண்டிரண்டாக மூன்று ஜோடியையும் அளந்து பாருங்கள். எவ்வளவு வோல்ட் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் முறுக்கினால் ஏற வேண்டும், மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு ஜோடியோ இரண்டு ஜோடியோ குறைந்தால் காயிலில்தான் கோளாறு. மூன்றும் சரி, ஆனால் பேட்டரிக்கு 14 வரவில்லை என்றால் ரெகுலேட்டர், அல்லது அதிலிருந்து பேட்டரிக்குப் போகும் ஒயர்.

மஞ்சள் ஒயர் எதற்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையே தொடர்பு இருக்கக்கூடாது என்பது இவ்வகைக் காயிலுக்கு இன்னொரு சோதனை. சில பழைய வண்டிகளில் காயிலின் ஒரு முனையை வேண்டுமென்றே எர்த்தில், அதாவது வண்டியின் உலோகத்தில், கொடுத்திருப்பார்கள். அங்கே இந்தச் சோதனை தவறாகத் தோன்றும்.

சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆகும் புது மாடல்களில் செல்ஃப் மோட்டாரும் சார்ஜ் செய்யும் காயிலும் ஒன்றே. கண்ட்ரோல் யூனிட்தான் இரண்டையும் நடத்துகிறது. அதில் மூன்று அளவு வரை நீங்கள் பார்க்கலாம். அதற்கு மேல் கப்ளரைக் கழற்றாமல் சர்வீஸ் சென்டரிலேயே கொடுங்கள். வாரண்டியும் அதில் இருக்கிறது.

மூன்று அளவும் சரி, ஆனாலும் பேட்டரி இறங்குகிறது

எங்கள் மேல்வீட்டு அக்கா நாகர்கோவில்காரர். பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். கீழே நிறுத்திய ஸ்கூட்டரில் உயிரே இல்லை. "தம்பி, போன வருஷம்தான் பேட்டரி மாத்தினேன்" என்றார். அளந்தேன், 11.3. கழற்றி இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, எடுத்து சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் 12.7. செல்ஃப் அழுத்தும்போது 10.4. ஓடும்போது 14.2. எல்லாமே நன்றாக இருந்தன.

அப்படியானால் சாவியை எடுத்த பிறகும் ஏதோ ஒன்று கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பிடிக்க, கழித்தல் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியர் நிலையில் வைக்க வேண்டும். சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றித் தொடங்கி, எண் மிகச் சிறியதாக இருந்தால் மில்லி ஆம்பியருக்கு வாருங்கள். மீட்டர் அப்படி இருக்கும்போது சாவியைப் போடவோ செல்ஃபை அழுத்தவோ கூடாது. மீட்டரின் ஃபியூஸோ மீட்டரோ போய்விடும்.

அக்காவின் வண்டியில் 15 மில்லி ஆம்பியர் காட்டியது. கேட்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். கணக்குப் போடுங்கள்: 24 மணி நேரத்துக்கு 360 மில்லி ஆம்பியர் அவர் (mAh). ஸ்கூட்டர் பேட்டரிகள் பெரும்பாலும் 3 முதல் 5 ஆம்பியர் அவர் (Ah)தான். 4 ஆம்பியர் அவர் பேட்டரி பதினோரு நாளில் காலி. திருட்டுக்குப் பயந்து அக்காவின் தம்பி மாட்டிக்கொடுத்த ஜி.பி.எஸ். கருவிதான் குடித்தது. அதைக் கழற்றச் சொல்லவில்லை. ஊருக்குப் போகும் முன் கழித்தல் ஒயரை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். ஹேண்டில்பாரில் மாட்டும் மொபைல் சார்ஜர், கூடுதல் ஹாரன், அலாரம் இவற்றைச் சாவிக்குக் கட்டுப்படாமல் நேராகப் பேட்டரியில் கொடுத்திருந்தாலும் இதே கதைதான்.

இந்த ஊர் டிராஃபிக்கும் பேட்டரியை இளைக்க வைக்கும். சில்க் போர்டு சிக்னலில் எஞ்சின் சும்மா ஓடும்போது காயில் தரும் கரண்ட் குறைவு. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவும் முடியாது. அதோடு பிரேக்கைப் பிடித்தபடி நின்றால் பிரேக் பல்பு, இண்டிகேட்டர், மொபைல் சார்ஜர் என்று வரவைவிடச் செலவு கூடிவிடும். சிக்னலில் பிரேக்கை விட்டுக் காலை ஊன்றி நில்லுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது வண்டியை அரைமணி நேரம் நிற்காத ரோட்டில் ஓட்டுங்கள்.

கழற்றும்போதும் மாட்டும்போதும்

கழற்றும்போது கழித்தல் முதலில், கூட்டல் பிறகு. மாட்டும்போது கூட்டல் முதலில். வரிசை மாறினால் ஸ்பேனர் சட்டத்தில் பட்டுப் பொறி பறக்கும். டெர்மினல் பொடியை வெந்நீரில் கரைத்த ஆப்பச் சோடாவால் பிரஷ் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். வீட்டில் சார்ஜ் போடுவதானால் பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் கணக்கு. 4 ஆம்பியர் அவருக்கு 0.4 ஆம்பியர், முழுக்கக் காலியான பேட்டரி நிறையப் பத்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கார் சார்ஜரை மாட்டாதீர்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அதனால் சமையலறையிலும் சாமி விளக்குப் பக்கத்திலும் வைக்கக்கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால் இந்த மூன்று எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். மெக்கானிக்குக் கன்னடம் மட்டும்தான் தெரியும் என்றாலும் கவலை வேண்டாம். "செல்ஃப் ஆக்தா இல்லா, சார்ஜிங் செக் மாடி" என்று சொல்லிச் சீட்டை நீட்டுங்கள். எண்ணோடு வருபவரிடம் பேச்சே வேறு மாதிரி இருக்கும். உதிரிப் பாகம் நீங்களே வாங்குவதானால் ஜே.சி. ரோடு இருக்கிறது. ரெகுலேட்டருக்கு வண்டி மாடலோடு வருடத்தையும் சொல்லிக் கேளுங்கள், பழையதைக் கையில் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

புது பேட்டரிதான் என்று முடிவானால், கடையில் வாங்கும் இடத்திலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள். 12.5க்குக் கீழே இருந்தால் வேறு கேளுங்கள். தயாரித்த மாதம் எது என்று கேட்டு, வாரண்டி அட்டையில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பழையதை அங்கேயே கொடுத்தால் விலையில் கழிப்பார்கள், அதிலிருக்கும் ஈயமும் குப்பைக்குப் போகாது. மாட்டிய பிறகு கிளம்பிவிடாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு, கடைக்காரர் முன்னாலேயே மூன்றாம் அளவை ஒருமுறை பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.